தாய் தகப்பன் சம்மதம்

என் கையெழுத்தை என்னைவிட என் கணவர்தான் நன்றாகப் போடுவார். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. டுசல்டோர்ஃபில் எங்களைப் போல அகதியாக வந்து குடியேறிய பாதிக் குடும்பங்களில் இதுதான் நடப்பு. வந்த புதிதில் எனக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, ஒரு சொல்லும் தெரியாது. எது வெறும் அறிவித்தல், எது நிரப்பி அனுப்ப வேண்டிய ஆன்ட்ராக் விண்ணப்பம் என்று பிரித்தறிய முடியாது. இவர் மேசையில் உட்கார்ந்து தன் பெயருக்கு ஒரு கிறுக்கு, அதற்குக் கீழே என் பெயருக்கு ஒரு கிறுக்கு என்று போட்டு அனுப்பிவிடுவார். பிறகு நான் மொழி படித்து, முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஜெர்மன்காரக் கிழவிகளோடு வாய்ச்சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறிய பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. மகனின் பள்ளிக்கூடச் சுற்றுலா, தடுப்பூசி, வீட்டு ஒப்பந்தம், எல்லாவற்றிலும் இருப்பது அவர் போட்ட என் கையெழுத்து. ஒரு தரம் நானே போட்டு அனுப்பியதை, முந்தியதோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதத்து மத்தியானம், காலை வேலை முடித்து வந்து தபால்பெட்டியைத் திறந்தேன். பவேரியாவில் இருக்கும் ஒரு புத்த மடத்திலிருந்து எனக்கும் கணவருக்கும் நன்றி சொல்லி ஒரு கடிதம். எங்கள் மகன் துறவு ஏற்பதற்கு நாங்கள் இருவரும் மனமுவந்து எழுத்தில் சம்மதம் தந்தது தங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி என்றும், ஆடி மாதத்தில் நடக்கும் சடங்குக்குத் தாயும் தகப்பனும் வந்து முன்வரிசையில் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. நான் மாடிப்படியில் நின்று அதை இரண்டாம் தரமும் வாசித்தேன். அந்தச் சம்மதக் கடிதத்தை எட்டு மாதத்துக்கு முன் மகன் எங்கள் கையெழுத்துக்காக அனுப்பியிருந்தான். நான் அதைச் சாமியறை இழுப்பறைக்குள் போட்டு, மேலே பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

மேலே போனால் இவர் பால்கனியில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர், அன்றைக்கு லீவு.

“இதென்னப்பா?” என்று கடிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

கொஞ்ச நேரம் வாசிப்பது போல நடித்தார். பிறகு, “பிள்ளை எட்டு மாசமாக் காத்துக்கொண்டு நிக்கிறான். நீர் ஒருநாளும் கையெழுத்து வைக்கப்போறேல்லை. அதுதான் எடுத்து ரெண்டையும் நானே வைச்சு அனுப்பினனான்” என்றார்.

“அவன் கேட்டது என்னட்டை. அதுக்குப் பதில் சொல்ல நீங்கள் ஆர்?”

“முப்பது வருசமா நான்தானே வைக்கிறன். ஒருநாளும் ஏன் எண்டு நீர் கேக்கேல்லையே.”

அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே கோபம் இரண்டு மடங்காகியது. “உங்களுக்கு விசரே? பள்ளிக்கூடச் சுற்றுலாவே இது, நாலு நாளில பை தூக்கிக்கொண்டு திரும்பி வாறதுக்கு?” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. இவர் தண்ணீர் வாளியைக் கீழே வைக்காமலே நின்றார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஹிங்கில் பௌதிகம் படித்து, அங்கேயே ஆய்வு செய்துகொண்டிருந்தான். மியூனிக்கில் அறை எடுத்து, சுரங்க ரயிலில் போய்வந்தான். கூட வேலை செய்த ஒருவரோடு பத்து நாள் தியானத்துக்கு என்று அந்த மடத்துக்குப் போனான். பிறகு விடுமுறை எல்லாம் அங்கேதான். ஒருநாள் அறையை ஒப்படைத்து, சைக்கிளை யாருக்கோ தூக்கிக் கொடுத்து, மொட்டை அடித்து, வெள்ளை உடுத்துக்கொண்டான். காவி தருவதற்கு முன் வெள்ளை உடுப்போடு மடத்து வேலை செய்து காத்திருக்க வேண்டுமாம். இருபத்தேழு வயது, என்ன குறை இவனுக்கு?

நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். எங்கள் ஊரில் புத்தர் சிலை முளைத்த இடங்களில் எல்லாம் அதற்கு முதலே இராணுவ முகாம் வந்து இறங்கியிருந்தது. இவரின் தமக்கை, என் மச்சாள், ஒரு கல்யாண மண்டபத்தில் நூறு பேருக்குக் கேட்கக் கேட்டார்: “என்ன மச்சாள், உங்கட பெடியன் பிக்குவாப் போறானாம்? இவ்வளவு பட்டுப்போட்டு வந்தும் உங்களுக்கு வேற சமயம் கிடைக்கேல்லையே?” கையில் இருந்த வடையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன். மகனிடம் இதைச் சொன்னபோது, “அம்மா, அவை செய்ததுக்கும் புத்தர் சொன்னதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றான். எனக்கு எல்லாப் புத்தரும் ஒரு புத்தர்தான் என்றேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் பாதிரியாராகப் போயிருந்தாலும், சைவ மடத்தில் தம்பிரானாகப் போயிருந்தாலும் நான் இதே ஆட்டம்தான் ஆடியிருப்பேன்.

அன்றைக்கே மடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தலைமைத் துறவி ஒரு ஜெர்மன்காரர், அறுபது வயது இருக்கும், ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணிப் பேசுகிறவர். “அதில் இருக்கும் கையெழுத்து என்னுடையது இல்லை” என்றேன். அந்தப் பக்கத்தில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “அப்படியென்றால் சடங்கு நடக்காது” என்றார். தாயும் தகப்பனும் சம்மதிக்காத பிள்ளைக்குக் காவி கொடுக்க அவர்கள் விதியில் இடமில்லையாம். சபை நடுவே நிறுத்தி, ‘தாய் தகப்பன் சம்மதம் உண்டா?’ என்று வாய்விட்டுக் கேட்பார்களாம். அவன் அங்கே பொய் சொல்ல முடியாதாம். வளர்ந்த ஆளுக்கு ஜெர்மன் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்று நானே குறுக்கே கேட்டேன், புத்தி கெட்டவள். எங்கள் விதி அதைவிடப் பழையது என்றார். ஒரு பெரிய சண்டைக்கு இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனவளுக்கு, சண்டை கிடைக்காமல் போனதும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த கிழமை மகன் வீட்டுக்கு வந்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு வருகிறான் என்று விடியவே எழும்பிப் புட்டு அவித்து, கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்து, முருங்கையிலை வறுத்து, சொதி காய்ச்சி வைத்தேன். பத்தரைக்கு வர வேண்டிய ரயில் எங்கேயோ காட்டுக்குள் நின்று, அவன் வாசலில் நின்றபோது மணி ஒன்றேமுக்கால்.

“கையைக் கழுவிப்போட்டு வா, ஆறப்போகுது.”

“பன்ரண்டு மணிக்குப் பிறகு சாப்பிடேலாது அம்மா.”

“வீட்டிலயுமே?”

“எங்கயும்தான் அம்மா. தண்ணி தாங்கோ, காணும்.”

நான் குழம்புச் சட்டியை மூடிய மூடியின் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. தன் பிள்ளை பசியோடு மேசையில் இருக்க, சமைத்தவள் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். யார் இந்தச் சட்டங்களை எல்லாம் போட்டது? தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்து இருந்தான். “அப்பா உங்கட பேரில வைச்சது எனக்குத் தெரியாது. நான்தான் உங்களிட்ட நேர வந்து கேட்டிருக்கோணும், பேப்பரை அனுப்பினது பிழை. இப்ப கேக்கிறன். நான் போகட்டே அம்மா?”

“ஏலாது.”

“ஓம் அம்மா.”

அவ்வளவுதான். ஒரு மறுபேச்சு இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. அவன் வாதாடுவான் என்று நான் எட்டு மாதமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த பதில்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. பதினாறு வயதில் ஒரு சப்பாத்துக்காக என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவன் இவன்! மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல்நாள் புட்டை ருசித்துச் சாப்பிட்டான், கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தான். “வருசத்துக்கு ஒருக்கா வீட்டை போகவிடுவினம். அடுத்த வருசம் வந்து திருப்பிக் கேப்பன்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினான். இவர் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் போகவில்லை.

அந்தக் கோடையில்தான் நான் புத்தரின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினேன். அவர் என்ன போதித்தார் என்பது மகனின் பாடு. எனக்கு வேண்டியது அந்த வீட்டில் மிஞ்சிக் கிடந்தவர்களின் கதை. நகர நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்தேன், கைபேசியில் யார் யாரோ தமிழில் பேசிய உரைகளைக் கேட்டேன். வேலைக்குப் போகும் ட்ராமில் வாசித்தேன், வரும் ட்ராமில் வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கோபம் ஏறியது.

புத்தரைப் பெற்றவள் ஏழாம் நாள் கண்ணை மூடிவிட்டாள். வளர்த்தது சிற்றன்னை. மனைவி யசோதரை பிள்ளை பெற்றுக் கிடக்கிறாள், மனுஷன் அறை வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிறார். எழுப்பினால் போக மனம் வராது என்று எழுப்பாமலே போய்விட்டாராம். நல்ல கதை! கேட்டால் மறுப்பாள் என்று தெரிந்துதானே கேட்காமல் போனது? என் வீட்டு மனுஷனும் அதைத்தானே செய்தார்? ஏழு வருடம் கழித்துப் புத்தர் ஊருக்குத் திரும்பி வந்தபோது சனம் எல்லாம் தெருவுக்கு ஓடியதாம். அவள் ஓடவில்லை. என்னில் மதிப்பிருந்தால் அவர் இங்கே வரட்டும் என்று அறைக்குள்ளேயே இருந்துவிட்டாள். அந்த இடத்தில் நான், “அப்பிடிப் போடு!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எதிரே இருந்த ஜெர்மன்காரி தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவரே வந்தார்தான். ஆனால் அதோடு நின்றதா? போய் உன் தகப்பனிடம் உனக்குச் சேர வேண்டியதைக் கேள் என்று மகன் ராகுலனை அவளே அனுப்பிவிடுகிறாள். ஏழு வயதுப் பிள்ளை பின்னாலேயே போய்க் கேட்கிறது. கிடைத்தது மொட்டையும் துவராடையும். சிற்றன்னையின் பிள்ளை, தம்பிக்காரன், அவன் கதை அதைவிடப் பகிடி. தன் கல்யாண நாளில் அண்ணனின் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி வழியனுப்பப் போனவன், திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு மடம் வரைக்கும் போய், அங்கேயே தங்கிவிட்டான். பெண் மணக்கோலத்தில் இருக்கிறாள்! ஒரு வீட்டில் ஓர் ஆண்பிள்ளை மிச்சமில்லை. தகப்பன், அந்தக் கிழட்டு ராசா, அந்தப் பெரிய வீட்டில் யாரோடு இருந்து சாப்பிட்டிருப்பார்?

வேலையிடத்தில் என் பொறுப்பில் ஒரு கிழவி இருந்தார். மகன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான், நத்தார்ப் பண்டிகைக்கு ஒருநாள் வருவான், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டுப் போவான். அந்தக் கிழவிக்கு சூப் ஊட்டிக்கொண்டு என் மகன் விஷயத்தைச் சொன்னேன். “துறவியா? நல்லது. போன் எடுக்காததற்கு அவனிடம் ஒரு காரணமாவது இருக்கும்” என்றார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை.

ஐப்பசியில் இவரை இழுத்துக்கொண்டு மடத்துக்கே போனேன். தலைமைத் துறவி தேநீர் தந்தார். நான் கோப்பையைத் தொடவில்லை. உங்கள் புத்தர் தன் வீட்டாருக்குச் செய்தது அநியாயம் என்று நேரே தொடங்கி, யசோதரை, ராகுலன், தம்பிக்காரன் என்று ஒவ்வொருவராக எடுத்து வைத்தேன். இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். துறவி கடைசிவரை கேட்டார். “நீங்கள் சொல்வது சரி. இதையேதான் அவருடைய தகப்பனும் அவரிடம் போய்ச் சொன்னார்” என்றார்.

பேரனும் போன பிறகு அந்தக் கிழவர் மகனிடம் போனாராம். நீ போனதையும் தாங்கினேன், இளையவன் போனதையும் தாங்கினேன், குழந்தை போனதைத் தாங்க முடியவில்லை, இனி எந்த வீட்டிலும் தாய் தகப்பனைக் கேட்காமல் பிள்ளையை எடுக்காதே என்ற மாதிரி மன்றாடினாராம். மகன் அதற்கு இணங்கி அன்றைக்கே விதியாக்கினாராம். அந்த விதியைக் காட்டித்தான் என் வீட்டுக்குக் கடிதம் வந்தது.

“சரி, பேரனைத் திருப்பிக் கொடுத்தாரா?” என்று கேட்டேன்.

“இல்லை.”

ஆக, அந்த மனுஷன் வாய்விட்டு அழுது வாங்கினது தனக்கு உதவவில்லை. முகம் தெரியாத எனக்கு உதவியிருக்கிறது. எனக்கு அந்தக் கிழவர்மேல் இரக்கம் வந்தது. அதைக் காட்டக் கூடாது என்று இன்னும் உரக்கப் பேசினேன். “வளர்த்த சிற்றன்னை தானும் துறவியாக வருகிறேன் என்று கேட்டபோது மூன்று தரம் ஏலாது என்றவர் உங்கள் ஆள். நான் ஒரு தரம்தான் சொல்லியிருக்கிறேன்” என்றேன். துறவி தலையை அண்ணாந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, நான் தெரிந்துகொள்ள வேண்டியது என்று ஒன்று சொன்னார். காவி உடுத்தபின் ஐந்து வருடம் குருவின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டுக்குப் போவது இராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்தாலும் எங்கள் மடத்து வழக்கப்படி ஒரு பெண்ணோடு தனியே ஓர் அறையில் இருக்க மாட்டான்.

“நான் தாய்!”

“தாயானாலும்.”

அவனை நான்தான் விழுந்து கும்பிட வேண்டுமாம், அவன் என்னைக் கும்பிடக் கூடாதாம், அதையும் சொன்னார். போதும் என்று எழும்பினேன். வெளியே வந்தால், மகன் முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின் மடத்துக்கு வந்த ஒருவன், இருபத்திரண்டு வயது இருக்கும், காவி உடுத்துக்கொண்டு முன்னால் நடந்து போகிறான். அவன் வீட்டில் சம்மதித்துவிட்டார்களாம். இவன் கழுவுவது அவன் பாத்திரத்தை.

காரில் நூறு கிலோமீட்டர் வந்தாயிற்று. பிறகு, “பிள்ளையை வாசலில நிப்பாட்டி வைச்சிருக்கிறீர். உள்ள விடவும் இல்லை, வெளிய எடுக்கவும் இல்லை” என்றார். காரை நிறுத்துங்கோ, நான் நடந்து போறன் என்று கத்தினேன். நெடுஞ்சாலை, எங்கே நிறுத்துவது.

இரண்டாம் வருடம் அவன் முதல்நாளே வந்துவிட்டான். காலை பத்து மணிக்கு மூன்று பேரும் இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டோம். கேட்டான். ஏலாது என்றேன். ஓம் அம்மா என்றான்.

“ஏன் எண்டு கேக்கமாட்டியே?” என்று வெடித்தேன்.

“கேட்டா நீங்கள் இருந்து காரணம் தேடுவியள் அம்மா. ஏன் உங்களைக் கரைச்சல் படுத்துவான்?”

இவனுக்கு இரக்கம் வேறு! என்னோடு கோபித்தால் என்ன? என் கல்நெஞ்சைத் திட்டினால் என்ன? இரண்டு வார்த்தை பேசினால் நானும் பேசி, அழுது, ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். அந்த மடத்தில் இவனுக்கு என்னவெல்லாமோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள், தாயோடு சண்டை பிடிக்க மட்டும் மறக்கப் பண்ணிவிட்டார்கள்.

போன வருடமும் அதே கேள்வி, அதே பதில். இந்த வருடம் நான் சம்மதிப்பது என்று முடிவு செய்திருந்தேன். அந்த முற்றமும் பாத்திரமும் மனதை விட்டுப் போகவில்லை. முப்பது வயது ஆண்பிள்ளை, தான் வேண்டியதை என் சொல்லுக்காக ஒதுக்கி வைத்துவிட்டு, சின்னப் பெடியன்களுக்குக் கீழே இருந்து மூன்று வருடமாகப் பாத்திரம் கழுவுகிறான். எனக்கு அதில் என்ன வெற்றி? அவன் வந்து படுத்தபின், முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். இவர் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

காலையில் இவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நானும் மகனும் குசினியில் தனிய. அவன் வெங்காயம் உரித்தான், நான் தேங்காய் துருவினேன். மடத்துக் கூரை ஒழுகுவதையும், விறகு பிளக்கையில் பெருவிரலை வெட்டிக்கொண்டதையும், தியான மண்டபத்துக்குள் நரி புகுந்து எல்லோரும் கண் திறந்ததையும் சொன்னான். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என் முழங்கால் நோவை விசாரித்தான், எண்ணெய் தேய்த்துவிட்டான். சாப்பிட்டு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு எனக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தான்.

“கேக்கிறன் அம்மா. நான் போகட்டே?”

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல், அது தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார்ஹிங்கில் இருந்த காலத்தில் இவன் எத்தனை தரம் வீட்டுக்கு வந்தான்? வந்தாலும் மடிக்கணினிக்கு மேலால்தான் என்னோடு கதைத்தான். இந்த மூன்று வருடமாகத்தான் நாள் சொல்லி வருகிறான், எனக்கு முன்னால் உட்காருகிறான், என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்கிறான், நான் வாய் திறக்கும் வரைக்கும் காத்திருக்கிறான். ஓம் என்றால் கேள்வி முடிந்தது. பிறகு ஐந்து வருடம். அதற்குப் பிறகு இந்தக் குசினியில் நானும் அவனும் தனிய இருக்கவே முடியாது.

“இந்த வருசமும் ஏலாது தம்பி. அடுத்த வருசம் வந்து கேள்.”

செய்தது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்தேன். என் கண் கலங்கியதைக் கண்டு, தனக்காக நான் வருந்துகிறேன் என்று நினைத்தான் போலும். துணியை என் கையிலிருந்து மெல்ல வாங்கினான்.

“யோசியாதேங்கோ அம்மா. நீங்கள் ஓம் எண்டு சொல்லுமட்டும் ஒவ்வொரு வருசமும் வருவன்.”

அதை அவன் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னான்.